தானே சாத்திக்கொள்ளும் யன்னல்

வீட்டுச் சுவரிலே காற்றுக்கென விடப்படும் திறப்புக்குத் தமிழிலே பல பெயர்கள் உள. அவற்றுள் காலதர் என்பது மிகப் பழையது. கால் என்றாற் காற்று; அதர் என்றால் வழி. நாம் நாள்தோறும் வழங்கும் யன்னல் என்னுஞ் சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அவர்கள் மொழியில் அது ஜனேலா. ஆங்கிலேயர் வழங்கும் விண்டோ என்னும் சொல்லும் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது என்றும், காற்றின் கண் என்பதே அதன் முதற்பொருள் என்றும் மொழிநூலார் கூறுவர். ஆகவே யன்னல் காற்றை உள்ளே விடுதற்கென்றே பிறந்தது என்பதில் தமிழருக்கும் வடபுலத்தாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அக்காற்றோடு மழையும் வந்தால் எழுந்து சென்று சாத்துவது யார் என்பதைச் சொல்லாக்கியோர் எவரும் எண்ணினாரில்லை.

யாழ்ப்பாணத்தில் வாழ்வோர்க்கு இவ்வினா ஆண்டுக்கு இருமுறை எழும். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகக் காற்று வீசும். அது மழையைத் தருவதில்லை. செம்மண் புழுதியையும் சருகையும் கொண்டுவந்து மேசைமேற் பரப்பிவிட்டுச் செல்லும். ஐப்பசி பிறந்ததும் காற்றுத் திசை மாறும். ஆண்டு மழையின் பெரும்பகுதி அதன்பின் வரும் மூன்று மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீரும். அம்மழையும் சொல்லிவிட்டு வருவதன்று. முற்றத்திலே பினாட்டுப் பாயைச் சுருட்டுவதா, கொடியில் உள்ள உடுப்புகளை எடுப்பதா, யன்னல்களைச் சாத்துவதா என்று எண்ணி முடிப்பதற்குள் அறையிலே தண்ணீர் நிற்கும். வீட்டிலே நால்வர் இருந்தால் ஆளுக்கொரு திசையாக ஓடலாம். ஒருவரே இருந்தால் என் செய்வது?

எம் அன்னையார் அவ்வாறு ஒருவராகவே இருக்கின்றார். வயது எழுபத்தெட்டு. பிள்ளைகள் மூவருள் இருவர் கடல் கடந்துவிட்டனர்; நாம் ஆசிரியத் தொழிலின் பொருட்டு நகரத்திலே குடியிருக்கின்றோம். கிராமத்து ஓட்டு வீட்டை விட்டு வருவதற்கு அவர் இசையவில்லை. அவ்வீட்டிற்கு ஒன்பது யன்னல்கள். பாட்டனார் காலத்து வேலையாதலின் யன்னல்கள் உயரத்திலே உள்ளன. கதவுகளோ புறத்தே திறப்பன. கம்பிகளினூடே கையை விட்டுக் கொளுக்கியைக் கழற்றிக் கதவை இழுக்கவேண்டும். சென்ற ஆண்டுக்கு முந்திய கார்த்திகையில் ஓரிரவு மழைக்கு யன்னலைச் சாத்தவென்று வாங்கின் மேல் ஏறியவர் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் கையைத் தூக்கிக் கட்டியபடி இருந்தார்.

செய்தி கேட்ட எம் தமையனார் தொரன்ரோவிலிருந்து தொலைபேசியில் முடிவு கூறிவிட்டார். பழைய யன்னல்களைப் பெயர்த்தெறிந்துவிட்டு அலுமினியக் கண்ணாடி யன்னல் போட்டு, அவற்றை நிரந்தரமாகச் சாத்தி, அறைக்கு ஒரு குளிரூட்டி பூட்டுவதே அம்முடிவு. பணம் தாம் அனுப்புவதாகவும் கூறினார். அன்னையார் தொலைபேசியை வாங்கி, "அண்ணைக்குச் சொல்லு தம்பி, காத்து வராத வீட்டிலை இருக்கிறதுக்கு நான் இப்பவே போய்ச் சேரலாம்" என்று, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எம்மிடம் கூறினார். தமையனார் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தாயாரின் சொல்லிலே ஒரு வீட்டின் இலக்கணமே அடங்கியிருந்ததாக எமக்குத் தோன்றியது. யன்னல் திறந்தும் இருக்கவேண்டும். மழை வந்தால் எவரும் எழுந்து செல்லாமலே சாத்தப்படவும் வேண்டும். நாம் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவராதலின் இதனை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டோம்.

உயர்தர வகுப்பு மாணவரிடம் வினாவை விடுத்தபோது, இரண்டு வாரத்திலே ஒரு மாதிரியைச் செய்து கொணர்ந்தனர். சீப்பின் பற்கள் ஒன்றினுள் ஒன்று நுழைந்தாற்போலச் செப்புக் கோடுகள் இட்ட ஒரு பலகை. அதன்மேல் மழைத்துளி விழுந்தால் இரு கோடுகளுக்கும் இடையே சிறிது மின் பாயும். அதனைத் திரான்சிற்றர் பெருக்கி, மோட்டார் வண்டியின் வைப்பர் மோட்டார் ஒன்றை 12 வோற்றுப் பற்றரியினால் ஓட்டும். மோட்டார் யன்னலை இழுத்துச் சாத்தும். மேசைமேல் அது மிக அழகாக வேலை செய்தது. பரிசு பெறத் தக்கதே. ஆயின் அன்னையாரின் வீட்டுக்கு அது ஆகாது என்று நாம் தீர்ப்புக் கூறவேண்டியதாயிற்று.

காரணங்களை மாணவர்க்குக் கூறியவாறே இங்கும் கூறுவோம். மார்கழி, தை மாதங்களில் வைகறையிலே பனி பெய்யும். பலகைக்குப் பனியும் மழையும் ஒன்றே. அன்றியும், ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் ஈரச் செப்பை நாளடைவில் அரித்துப் பச்சையாக்கிவிடும்; இதனை மின்பகுப்புப் பாடத்திலே படித்தவர்களே மறந்துவிட்டனர். வைப்பர் மோட்டாரின் உள்ளே திருகுபோன்ற ஓர் அச்சுப் பற்சக்கரத்தைச் சுழற்றும். பற்சக்கரத்தால் அவ்வச்சைத் திருப்பிச் சுழற்ற இயலாது. ஆகையாற் பற்றரி இறந்த அன்று யன்னல் எந்நிலையில் நின்றதோ அந்நிலையிலேயே நிற்கும். கையாலும் அசைக்க முடியாது. இவை எல்லாவற்றிலும் பெரிது வேறொன்று. பெருங்காற்று வரும் நேரமே மின்சாரம் போகும் நேரம். 1964 மார்கழிப் புயலைப் பெரியோர் சொல்லக் கேட்டோம். 2008 கார்த்திகையில் நிஷா என்னும் புயல் கொணர்ந்த வெள்ளத்தைக் கண்ணாற் கண்டோம். புயலே இல்லாத 2022 பங்குனியிலும் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை வாசகர்கள் மறந்திரார். பற்றரி உண்டே எனின், அதனை ஏற்றுவதும் அதே மின்சாரமே.

எம் தலைமுறையார்க்கு இவ்விடயத்திலே ஒரு பிடிவாதம் உண்டென்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. 1990 தொடங்கிப் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிலே படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மின்சாரத்தை நம்பி இருத்தல் எமக்கு இன்றும் முழுமையாகக் கைவரவில்லை.

மின்சாரம் இல்லையேல் யன்னலைச் சாத்துவது யாது? ஒருபோதும் நின்றுபோகாத விசை ஒன்று உண்டு, அது புவியீர்ப்பு. உயர்த்தி வைக்கப்பட்ட நிறை ஒன்று, யாரேனும் தடையை நீக்கினால், கீழே இறங்கும். இறங்கும்போது ஒரு கயிற்றை இழுக்கும். கயிறு கதவை இழுக்கும். உழைப்பு முழுவதையும் வெயிலடிக்கும் வேளையிலேயே மனிதன் செய்து சேமித்து வைத்துவிடுகின்றான். மழை வரும்போது வேண்டுவது தடையை நீக்கும் சிறு விசை மாத்திரமே. அலெக்சாந்திரியா நகரத்து ஈரோன் என்பார் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, பலிபீடத்தில் தீ மூட்டினாற் கோயிற் கதவு தானே திறக்கும் அமைப்பொன்றை எழுதி வைத்தார். அங்கும் கதவை இழுத்தது தீயன்று. தீயின் வெப்பத்தால் விரிந்த காற்று தள்ளிய நீர் ஒரு வாளியிலே சேர்ந்து, அவ்வாளியின் நிறையே கதவை இழுத்தது.

கணக்கைச் சிறிது பார்ப்போம். எமது வீட்டு யன்னற் கதவொன்று 45 சதம மீற்றர் அகலமும் 120 சதம மீற்றர் உயரமும் உடையது. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று அதன்மேல் முழுவீச்சாகப் பட்டால் ஏறக்குறைய 32 நியூற்றன் விசை தரும். அதாவது மூன்றேகால் கிலோக் கல் ஒன்றின் நிறை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆதலாற் காற்று முற்றியபின் சாத்துவதிலும் முதற்றுளியோடு சாத்துவதே புத்தி. கதவு செங்கோணத்தில் திறந்து நிற்கும்போது அதன் விளிம்பிலே கயிறு கட்டினால், சாத்துவதற்கு 64 சதம மீற்றர் கயிறு இழுபடவேண்டும். கதவின் நடுவிலே கட்டினால் 32 போதும். விசை இரட்டிப்பாக வேண்டும். ஆயின் நிறை இறங்கும் தூரம் பாதியாகும். எமக்கு இடமே அரிது. ஆகவே நடுவைத் தெரிந்தோம்.

கதவைச் சுவரோடு சுவராக முற்றத் திறந்துவிட்டாலோ, கயிறு பிணைச்சலை ஒட்டியே செல்லும். அப்பொழுது எவ்வளவு பெரிய நிறையைத் தூக்கினாலும் திருப்புதிறன் ஏறக்குறையப் பூச்சியமே, கதவு அசையாது. ஆதலாற் கதவு செங்கோணத்துக்கு மேற் செல்லாதபடி புறத்தே ஒரு மரத்தடையும், அத்தடையிலே அலுமாரிக் கதவுகளுக்குப் பூட்டும் சிறு காந்தம் ஒன்றும் வைத்தோம். கொளுக்கியின் வேலையைக் காந்தம் செய்யும். மெல்லிய காற்றுக்கு விடாது. கயிறு இழுத்தால் விட்டுவிடும்.

நிறை தடாலென்று விழுந்தாற் கதவும் தடாலென்று அடிக்கும். வங்கிகளிலே கதவின் தலைப்பில் ஒரு இரும்புக் கையைக் கண்டிருப்பீர்கள். அதனுள்ளே எண்ணெய் ஒரு சிறு துவாரத்தின் வழியே புகுந்து செல்வதனாலேதான் கதவு மெல்ல வந்து பொருந்துகின்றது. நாம் எண்ணெய்க்குப் பதில் காற்றைக் கொண்டோம். நிலத்தில் ஊன்றிக் காற்றடிக்கும் சைக்கிள் பம் ஒன்றைச் சுவரோரமாக நிறுத்தி, அதன் கைபிடியின்மேல் நிறையை ஏற்றி வைத்தோம். பம்மின் வாயைத் திருகாணியால் ஏறக்குறைய அடைத்துவிட்டால் நிறை அவசரப்படாது இறங்கும். நிறை என்பது மணல் நிறைத்த குழாய். ஆறு கிலோவரையிற் கதவு ஒழுங்காக வந்தது. கூட்டவோ குறைக்கவோ வேண்டின் ஒரு சிரட்டை மணல் போதும்.

இவ்வளவும் ஒரு கதவுக்கு. யன்னலுக்கு இரு கதவுகள் உளவே! இவ்விடத்தில் எமது பட்டத்திலும் ஊர்த் தச்சாசாரியாரின் அநுபவமே பெரிதாயிற்று. படத்தைப் பார்த்ததும் அவர், "வாத்தியார், ரண்டும் ஒண்டாய் ஓடி வந்தால் சண்டை பிடிக்கும். சட்டம் வைச்ச கதவு பிந்தி வரவேணும்" என்றார். ஒரு கதவின் விளிம்பில் இடைவெளியை மறைக்கும் மரச்சட்டம் உண்டு; அது மற்றைக் கதவின்மேற் படிய வேண்டுவது. முந்தி வந்தால் மற்றது பொருந்தாது. ஒரே நிறையால் இரண்டையும் இழுத்தாலோ, முதற்கதவு பொருந்தியதும் கயிறு இறுகி நிறை நின்றுவிடும். இரண்டாவது பாதிவழியில் நிற்கும். ஆகவே கதவுக்கொரு நிறை, நிறைக்கொரு பம். சட்டம் உள்ள கதவின் பம்மை மட்டும் இன்னும் சற்று இறுக்கமாக அடைத்தோம். அது தம்பியைப் போல அண்ணன் பின்னே வருகின்றது.

இனி, மழை வந்ததை யார் அறிவிப்பது? கற்கண்டுத் துண்டொன்று தடையைத் தாங்கி நிற்கட்டும், மழையில் அது கரையட்டும் என்றான் மாணவன் ஒருவன். கருத்துப் பழுதன்று. நீரில் விழுந்ததும் தாமே ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கிகளிலே நீரிற் கரையும் வில்லை ஒன்றே விற்சுருளை விடுவிக்கின்றது. ஆனால் எமது ஊரின் எறும்புகளைக் கற்கண்டோடு விட்டுவைத்தால் வெயில் நாளிலேயே யன்னல் சாத்திக்கொள்ளும். பதினேழாம் நூற்றாண்டிலே கிறித்தோபர் றென் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர், நிரம்பியதும் கவிழும் பாத்திரத்தால் மழையை அளக்க முயன்றார். நாம் அவரைப் பின்பற்றினோம். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லி மீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் சேரும். கூரை ஓரத்திலே அவ்வளவு அகலத் துத்தநாகத் தகடு ஒன்றைச் சரித்துப் பதித்து, அதன் நீர் ஒரு தகரப் பேணியிலே விழச் செய்தோம். ஓட்டிலிருந்தே நீரைப் பெறலாமே எனின், காய்ந்த ஓடு முதல் மழையைத் தானே குடித்துவிடும். கால் மில்லி மீற்றர் மழைக்குப் பேணியில் கால் லீற்றர் நீர். அதன் நிறை 250 கிராம். எட்டுக்கொன்று என்னும் விகிதத்தில் அமைந்த நெம்புகோல் அதனை இரண்டு கிலோவுக்கொப்பான இழுவையாக்கும். அவ்விழுவை சைக்கிள் பிறேக் வயர் வழியாக உள்ளே சென்று, ஒரு நிறையைத் தாங்கும் இரும்பு நாக்கை இழுக்கும். முதல் நிறை இறங்கும்போது அதுவே அடுத்த நாக்கையும் தட்டிவிடும். பேணியின் அடியிலே ஊசித்துளை ஒன்று உண்டு; பனி நீரோ நாலு தூறலோ அதன்வழி ஒழுகிப் போய்விடும்.

மற்றை வகை யன்னல்களையும் கேட்டு மாணவர் விடவில்லை. மேல்விளிம்பிலே பிணைச்சல் உடைய சிறு யன்னலுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. முட்டுக்கோலை நீக்கினால் தன் பாரத்தாலேயே விழுந்து சாத்திக்கொள்ளும். கல்லூரிகளிலும் 1960களுக்குப் பின் எழுந்த வீடுகளிலும் காணப்படும் லூவர் கண்ணாடிகள் நடுவிலே சுழல்வனவாதலின் காற்று ஒரு பாதியைத் தள்ள மறுபாதி அதனைச் சமன் செய்யும்; பிடியை ஒரு சாண் இழுக்கச் சிறு நிறை போதும், கீல்களில் துரு ஏறாதிருந்தால். பக்கவாட்டில் ஓடும் அலுமினிய யன்னலுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே விசைதான், கணக்கு எளிது. சோளகம் கொணரும் மணல் தண்டவாளத்திலே சேர்ந்துவிட்டால் அக்கணக்குப் பொய்த்துவிடும். வாரம் ஒருமுறை பழந்துணியால் துடைக்கவேண்டும்.

தானியங்கும் எதுவும் விரலை நசுக்கக்கூடும் என்பதை நாம் மறந்தோமல்லோம். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு அது. நிறை இறங்கத் தொடங்கியதும் முதலில் ஒரு சைக்கிள் மணியைத் தட்டிவிட்டே செல்லும். கதவு பொருந்த முப்பது எண்ணும் அளவு நேரம் ஆகும். குசினி யன்னலுக்கு மாத்திரம் இவ்வமைப்பை வைக்க நாம் இணங்கவில்லை. விறகும் கரியும் எரியும் இடத்திலே யன்னல் தானே சாத்திக்கொள்ளுமாயின் காபனோரொட்சைட்டு வாயு அறையிலே தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அவ்விடத்து மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொள்ளலாம்.

சென்ற மாரிக்குள் படுக்கையறையிலும் விறாந்தையை அடுத்த அறையிலுமாக நான்கு யன்னல்களுக்கு வேலை முடிந்தது. ஒருநாள் நல்ல வெயிலிலே மணியடித்து யன்னல் சாத்தியதாக அன்னையார் தொலைபேசியிற் கூறினார். சென்று பார்த்தபோது பேணியின்மேற் காகம் அமர்ந்திருந்தது. கம்பிவலை போட்டோம். மற்றும்படி மாரி முழுவதும் படுக்கை நனையவில்லை. வாங்கும் சுவரோரத்தை விட்டு அசையவில்லை. மழை விட்டபின் நிறைகளைத் தூக்கிவைப்பது மட்டும் அவர் வேலை. இரட்டைக் கப்பியால் ஆறு கிலோவை மூன்றாக்கிக் கொடுத்திருக்கின்றோம்; கிணற்றிலே அரைவாளி தண்ணீர் அள்ளுவதிலும் அது குறைவு என்று கூறி, அவரே கயிற்றை இழுத்துக் கதவை ஒரு தடியால் தள்ளி விடுகின்றார். தமையனாருக்கு வீடியோவிலே இதனைக் காட்டியபோது அவர் சிரித்தார். குளிரூட்டிப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

மேற்குப் பக்கத்து யன்னல் ஒழுங்கையைப் பார்த்தது. மாலையிலே அன்னையார் அதனருகே கதிரையிலிருந்து போவோர் வருவோரோடு பேசுவார். தச்சாசாரியார் அளவெடுக்கச் சென்றபோது அவரை மறித்து, "உதுக்கு ஒண்டும் பூட்டாதை தம்பி. உது நான் இருந்து கொண்டு சாத்திற யன்னல்" என்று எமக்குக் கூறினார். அந்த யன்னலுக்கு நாம் செய்ததெல்லாம் கொளுக்கியை ஒரு முழம் கீழே இறக்கிப் பூட்டியமையே.